சமூகவியல் பட்டப்படிப்பு: பழிக்கு முன் காரணம் தேடும் கல்வி

ஆறாம் படிவம் முடித்த மாணவன் ஒருவன் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சமூகவியல் என்று எழுதினால், வீட்டில் இரண்டு கேள்விகள் உடனே எழும். ‘அது என்ன படிப்பு?’ என்பது ஒன்று. ‘அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை தேடும் பெற்றோர் பலர் நாடுவது தம் பிள்ளைக்குக் கற்பித்த தமிழாசிரியரையே. மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகியவற்றுக்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை. சமூகவியலுக்கோ விளக்கம் வேண்டியிருக்கிறது. அதனைச் சமூகத் தொண்டுக்குரிய பயிற்சி என்று கருதுவோர் உளர். பள்ளியில் பயின்ற வரலாறும் குடியியலும் சேர்ந்த பாடமே அது என்று எண்ணுவோரும் உளர். இரண்டு எண்ணமும் பொருந்தா.

பெயரும் பிறப்பும்

மனிதர் கூடி வாழும் முறையையும், அம்முறை அவர்களுடைய எண்ணத்தையும் செயலையும் எவ்வாறு உருவாக்குகிறது என்பதையும் ஆராயும் அறிவுத்துறையே சமூகவியல். பிரெஞ்சு அறிஞர் ஆகஸ்ட் காம்ட், 1839-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், இலத்தீன் சொல் ஒன்றையும் கிரேக்கச் சொல் ஒன்றையும் இணைத்து இதற்குப் பெயர் சூட்டினார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892-இல் இதற்கெனத் தனித் துறை தோன்றியது. இந்தியாவில் பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1919-இல் இதற்கு இடமளித்தது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் சமூகவியல் துறை நிறுவப்பெற்றது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் சமூகவியலும் இணைந்த துறை 1970-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. ஆக, பிற துறைகளை நோக்க இது வயதில் இளையது.

தனி மனிதனும் சமூகமும்

இத்துறையின் அடிப்படைப் பார்வையை ஒரு வகுப்பறையைக் கொண்டே விளக்கலாம். முப்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒருவன் மட்டும் அடிக்கடி வாராதிருந்தால், ஆசிரியர் அவனைப் பற்றி விசாரிப்பார். அவனுக்கு உடல் நலமில்லையா, வீட்டில் சண்டையா, படிப்பில் விருப்பமில்லையா என்று பார்ப்பார். அதுவே முறை. ஆனால் பன்னிருவர் வாராதிருந்தால்? பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சோம்பேறிகளாயினர் என்று சொல்வது விடையாகாது. அவர்கள் அனைவரும் ஒரே குடியிருப்பிலிருந்து வருகின்றனரா, அங்குப் பேருந்து உண்டா, பெற்றோர் வைகறையிலேயே வேலைக்குச் சென்றுவிடுகின்றனரா என்று கேட்க வேண்டும். அமெரிக்கச் சமூகவியலறிஞர் ரைட் மில்ஸ் 1959-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியது இந்த வேறுபாட்டையே. ஒருவனுடைய துன்பம் எது, ஊருக்குப் பொதுவான சிக்கல் எது என்று பிரித்தறிவதே இக்கல்வியின் முதற்பாடம்.

இதற்கு முன்னரே எமில் டர்க்கைம் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1897-இல் தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முற்றிலும் தனி மனிதனுடைய மனத்தைச் சார்ந்தது என்று எவரும் எண்ணக்கூடிய செயல் அது. ஆயினும் அவர் பல நாடுகளின் புள்ளி விவரங்களை ஒப்பிட்டபோது, ஒவ்வொரு நாட்டிலும் அதன் விகிதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதையும், நாட்டுக்கு நாடு வேறுபடுவதையும் கண்டார். மணமாகாதவரிடையே அது மிகுதி. பிள்ளைகளோடு குடும்பமாக வாழ்வோரிடையே குறைவு. மனிதனைப் பிறரோடு பிணைக்கும் உறவு தளருமிடத்து இத்துயரம் பெருகுகிறது என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய புள்ளி விவரங்களைக் குறித்துப் பின் வந்தோர் பல ஐயங்களை எழுப்பியுள்ளனர். ஆனால் அவர் காட்டிய வழி இன்றும் மாணவர்க்குப் பாடமாக உள்ளது.

மூன்று நான்கு ஆண்டுகளில் கற்பன

பட்டப்படிப்பு பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டு நடைபெறும். முதலாண்டில் பொது அறிமுகம் இருக்கும். அடுத்துக் கோட்பாடுகள். மார்க்ஸ், டர்க்கைம், வேபர் ஆகிய மூவரும் இத்துறையின் மூலவர்களாகக் கற்பிக்கப்படுகின்றனர். உழைப்பையும் உடைமையையும் முதன்மையாக்கினார் ஒருவர். மனிதரைப் பிணைக்கும் கட்டுகளை ஆராய்ந்தார் மற்றொருவர். மனிதர் தம் செயலுக்குக் கொள்ளும் பொருளை நோக்கினார் மூன்றாமவர். இவர்கள் ஒருவரையொருவர் மறுக்கும் இடங்களே மாணவனைச் சிந்திக்கச் செய்கின்றன. பின்னர்க் குடும்பம், கல்வி, சமயம், தொழில், நகரம், இனம் முதலிய கிளைகளுள் விருப்பமானவற்றைப் பயிலலாம்.

இவற்றினும் கடினமானது ஆராய்ச்சி முறை. வினாநிரல் அமைத்தல், மாதிரி தேர்ந்தெடுத்தல், புள்ளியியல், நேர்காணல், மக்களோடு உடனிருந்து கவனித்தல் ஆகியவை இதனுள் அடங்கும். எண்களைக் கண்டு அஞ்சுவோரும், வாசிப்பதில் சலிப்போரும் இப்படிப்பில் இடர்ப்படுவர். களப்பணியின் அருமைக்கு ஒரு சான்று உண்டு. இந்தியச் சமூகவியலறிஞர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948-இல் மைசூர்ப் பகுதியில் ஒரு சிற்றூரில் தங்கி ஆராய்ந்தார். பல ஆண்டு உழைத்து வகைப்படுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் 1970-இல் அமெரிக்காவில் நேர்ந்த தீயில் அழிந்தன. அவர் மனம் தளராது, நினைவையே பெருந்துணையாகக் கொண்டு எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது. மக்களோடு வாழ்ந்து கற்றது எரிந்து போவதில்லை என்பதற்கு அந்நூலே சாட்சி.

‘சோம்பேறி’ என்னும் பழி

இக்கல்வியால் என்ன பயன் என்று கேட்போர்க்கு இம்மண்ணிலேயே விடை உண்டு. சையது உசேன் அலாத்தாஸ், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வுத் துறைக்கு 1967 முதல் தலைமை தாங்கியவர். மலாய்க்காரரும் சாவகரும் பிலிப்பீன் மக்களும் இயல்பிலேயே சோம்பேறிகள் என்று காலனி ஆட்சியினர் எழுதி வைத்த கருத்தை அவர் 1977-இல் வெளியான நூலில் ஆராய்ந்தார். 16-ஆம் நூற்றாண்டு முதல் அது எவ்வாறு வளர்ந்தது என்று பழம்பதிவுகளைக் கொண்டு காட்டினார். மலாய் மக்கள் வயலிலும் கடலிலும் உழைத்துக் கொண்டுதான் இருந்தனர். பிறருடைய சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கூலியாக வர மறுத்தனர். அந்த மறுப்புக்குச் சூட்டப்பட்ட பெயரே சோம்பல் என்பது அவர் கண்ட முடிவு.

இந்த ஆராய்ச்சி தமிழருக்கும் உரியது. மலாய்க்காரரைச் சோம்பேறி என்ற அதே முதலாளிகள், தோட்டத்துத் தமிழரைப் ‘பணிவானவர்’ என்று புகழ்ந்தனர். அப்பணிவு பிறவிக் குணமா? கடல் கடந்து வந்தவனைக் கடனும் ஒப்பந்தமும் கட்டி வைத்திருந்தன. இந்தியத் தொழிலாளருக்கான ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னரும், கங்காணி வழி ஆள் சேர்க்கும் முறை 1938 வரை நடந்தது. வீடு, வேலை, கடை, மருந்தகம், பிள்ளைகளின் பள்ளி அனைத்தும் ஒரே துரையின் ஆட்சியில் இருந்தால், எதிர்த்துப் பேசியவன் வேலையோடு வீட்டையும் இழப்பான். பழிச்சொல்லும் புகழ்ச்சொல்லும் ஒரே நாவிலிருந்து வந்தவை என்று காண்பதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியே சமூகவியல்.

தமிழ் மாணவருக்குரிய பணி

மலாயாத் தோட்டத் தமிழரைப் பற்றி இந்திய மானிடவியலறிஞர் ரவீந்திர ஜெயின் எழுதிய நூல் 1970-இல் வெளிவந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் தங்கி ஆராய்ந்த அவர், அங்குள்ளோரைக் காக்கத் தோட்டத்தின் பெயரை மாற்றி எழுதினார். இந்நெறியும் மாணவர் கற்கும் பாடங்களுள் ஒன்று. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்த குறைந்த வருமானக் குடும்பங்களை ஆராய்ந்து ரியாஸ் ஹசான் எழுதிய நூல் 1977-இல் வெளிவந்தது.

அவர்கள் கண்ட தோட்டமும் குடியிருப்பும் இன்று மாறிவிட்டன. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் வாழ்ந்தோர் நகரோரங்களுக்குச் சிதறினர். அந்த வாழ்வை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பால் வெட்டிய பாட்டியோடு அவர் பேசும் தமிழிலேயே அமர்ந்து பேசக்கூடிய மாணவனுக்கு, மொழிபெயர்ப்பாளரை நம்பும் ஆராய்ச்சியாளரிடம் இல்லாத கருவி கையில் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் இடரும் உண்டு. தன் இனத்தை ஆராய்பவனுக்குப் பழகியவை கண்ணில் படுவதில்லை. சாதி, குடி, பெண்களின் நிலை போன்றவற்றை மறைத்து எழுதவும் தோன்றும். அவ்விடத்தில் அன்பைக் காட்டிலும் உண்மை பெரிது.

வேலை வாய்ப்பு

வேலையைப் பற்றிய கேள்விக்கு நேர்மையான விடையே கூற வேண்டும். மருத்துவப் பட்டம் மருத்துவரை உருவாக்குவது போல் இப்பட்டம் ஒரு தொழிலை நேரே தருவதில்லை. சமூகத் தொண்டு அலுவலராக விரும்புவோர்க்கு அதற்குரிய தனிப் படிப்பு உண்டு. சமூகவியல் பட்டதாரிகள் அரசாங்கத் துறைகளிலும், ஆராய்ச்சி நிலையங்களிலும், பத்திரிகைகளிலும், நிறுவனங்களின் பணியாளர் பிரிவிலும், சந்தை ஆய்விலும் பணி பெறுகின்றனர். நன்கு எழுதவும், புள்ளி விவரங்களைக் கையாளவும், மக்களோடு பேசவும் கற்றவனுக்கே இவ்வாயில்கள் எளிதில் திறக்கும். பட்டம் மட்டும் போதாது.

ஆதலின், இத்துறையை நாடும் மாணவனை ‘வேறு இடம் கிடைக்காதவன்’ என்று இகழ்வதும் தவறு. வேறு இடம் கிடைக்காததால் மட்டும் இதில் சேர்வதும் தவறு. அவனுக்கு வாசிக்கும் வழக்கம் உண்டா, ‘ஏன்?’ என்று கேட்கும் துணிவு உண்டா, கிடைத்த விடை தனக்குப் பிடிக்காததாயினும் ஏற்கும் மனம் உண்டா என்பனவற்றை ஆசிரியர் பார்த்தல் வேண்டும். இருப்பின், ஊக்கி அனுப்பலாம். ஒரு சமூகத்தைப் பற்றிப் பிறர் எழுதி வைத்ததை அச்சமூகத்தின் பிள்ளைகளே ஆராய்ந்து பார்ப்பதற்கு, இக்கல்வி அவர்களை ஆயத்தம் செய்யும்.