வரி உண்டு, வோட்டு இல்லை

பாடியிலிருந்து ஓர் அன்பர் சென்ற வாரம் நம்மைக் காண வந்தார். நீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது என்பது அவர் குறை. குடிநீர் வாரியத் தேர்தலில் நின்று அதைத் தடுக்க உத்தேசித்திருப்பதாகவும், அபேக்ஷக மனுவை எந்தக் காரியாலயத்தில் கொடுப்பது என்றும் கேட்டார். அப்படியொரு தேர்தலே சட்டத்தில் இல்லை என்று பதில் சொல்ல, வக்கீலாகிய நமக்கே வெட்கமாயிருந்தது.

செங்குன்றம் ஏரி நீரைச் சென்னைக்குக் கொணர்ந்தது 1872ல். அது முதல் நூறு வருஷங்களுக்கு மேலாகக் குடிநீர் விநியோகம் நகரசபையின் காரியமாகவே இருந்தது. 1978ல் சட்டம் செய்து, அதைத் தனி வாரியத்திடம் ஒப்புவித்தார்கள். மந்திரி அதன் தலைவர். மற்ற அங்கத்தினர்கள் சர்க்காரால் நியமிக்கப்படுகிறவர்கள், அல்லது உத்தியோக முறையில் அமர்கிறவர்கள். நீர்வரியும் கழிவுநீர் வரியும் சேர்ந்தோ சொத்தின் ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு 7 என்ற கணக்கு. வீதம் மாறாவிட்டாலும் மதிப்பு ஏறினால் தொகை ஏறும். அதைப் பற்றி ஜனங்களின் அபிப்பிராயத்தை யார் கேட்கிறார்கள்?

2011ல் அம்பத்தூர் நகராட்சியுடன் பாடியும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2016 அக்டோபரில் அந்த நகரசபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19ந் தேதி. இடையில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. ஜூலை 12ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில், பாடிக்குப் பக்கத்திலுள்ள வில்லிவாக்கத்துக்கு வந்து நின்றது. அன்று பாடி ஜனங்கள் குடத்தைக் காட்டி முறையிட ஒரு கவுன்ஸிலர்கூட இல்லை!

1992ம் வருஷத்திய 74வது அரசியல் சட்டத் திருத்தம், குடிநீர் விநியோகத்தை நகரசபைகளுக்குரிய 18 விஷயங்களில் ஐந்தாவதாக வைத்திருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தை ராஜ்ய சட்டசபை கொடுக்க 'வேண்டும்' என்று எழுதவில்லை. கொடுக்க'லாம்' என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த விகுதியில் பாடிவாசிகளின் உரிமை முழுவதும் மறைந்து போயிற்று.

வாரியம் என்ற சொல்லே நமக்குப் புதிதல்ல. முதல் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட சாஸனங்களைப் பாருங்கள். முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் ஆட்களைப் பொறுக்கி, அவர்களில் அறுவரை ஏரி வாரியத்தில் அமர்த்தினார்கள். பதவிக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் எழுதும் யோக்யதையை இழந்தார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணருக்கு மட்டுமே அந்தக் குடம் திறந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. அந்த வேலியை நாம் உடைத்தோம், நல்லதே. ஆனால் குடத்தையும் சேர்த்தல்லவா உடைத்துவிட்டோம்!

தேர்தல் ஒன்றே சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்ல வரவில்லை. தென் அமெரிக்காவிலுள்ள பொலீவியாவின் கோச்சபாம்பா நகரத்தில், தனியார் கம்பெனி நீர்க் கட்டணத்தை உயர்த்தியபோது ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தாயிற்று. 2002ல் அந்நகர நீர் ஸ்தாபனத்தின் நிர்வாக சபைக்குத் தேர்தலும் நடத்தினார்கள். வோட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. போராடியவர்கள் வோட்டுச் சாவடிக்கு வராமற்போனால் சட்டம் என்ன செய்யும்?

கட்டணத்தைக் குறைத்தால் மட்டும் குழாயில் தண்ணீர் வந்துவிடாது என்பதையும் அன்பருக்குச் சொன்னோம். மீஞ்சூரில் 2010ல் திறந்த ஆலையைப் போல், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலைக்குச் செலவு பிடிக்கத்தான் செய்யும். ஆகவே கட்டணமே கூடாது என்பதல்ல நமது வாதம். அதை நிர்ணயிக்கும் மேஜையில் கட்டுகிறவனின் பிரதிநிதி உட்கார வேண்டும். உயர்த்துமுன் வரவு செலவுக் கணக்கை நகரசபையின் முன் வைத்து அதன் சம்மதத்தைப் பெற வேண்டும். இதற்கு 1978ம் வருஷத்திய சட்டத்தில் இரண்டொரு பிரிவுகளைத் திருத்தினால் போதும்.

அன்பர் நகரசபைக்கே நிற்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அவர் நிற்கட்டும். அடுத்த தேர்தலில் பாடியில் வோட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு அபேக்ஷகரிடமும், இந்தத் திருத்தத்தைக் கோரி நகரசபையில் தீர்மானம் கொண்டுவருவதாக எழுத்து மூலம் கையெழுத்து வாங்கும்படி நமது தொண்டர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தட்டிக் கழிப்பவர்களின் பெயரை நமக்கு எழுதி அனுப்பலாம், பிரசுரிப்போம்.