குமிழி காட்டும் பித்தளை

செம்புடன் துத்தநாகம் இசைந்து கலந்து பித்தளையாகிறது. ஈயமோ திடச் செம்பில் கிட்டத்தட்ட கரைவதேயில்லை. காரணம் என்ன?

1947-ஆம் ஆண்டில் லாரன்ஸ் பிராகும் ஜான் நையும் சோப்பு நீர்மேல் ஒரே அளவுள்ள சிறு குமிழிகளை மிதக்கவிட்டனர். அவை உலோக அணுக்களைப் போலவே வரிசையாக அணிவகுத்தன. சற்றே பெரிய குமிழியை வரிசை ஏற்றுக்கொள்ளும். மிகப் பெரியது புகுந்தால் வரிசை குலையும். அணு அளவுகள் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குமேல் வேறுபட்டால் கலப்பு அரிது என்பது ஹியூம்-ரோத்தரி வகுத்த விதி. செம்புக்கும் துத்தநாகத்துக்கும் வேறுபாடு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஈயத்துக்கோ 30-ஐ மிஞ்சும்.

வகுப்பில் குமிழிகளை நான் காட்டியபோது, “அளவு ஒத்தால் போதுமா, ஐயா?” என்றான் ஒரு மாணவன். போதாது. மின்னணுக்களின் ஆற்றல் குறையும் அமைப்பே நிலைபெறும். குமிழி காட்டாத அவ்வாற்றலை இன்று கணிப்பொறி கணக்கிடுகிறது; உலை மூட்டுமுன்பே கலவையின் இயல்பை ஓரளவு உணர்த்துகிறது. எனினும், இறுதித் தீர்ப்பு உலையினுடையதே.