வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி

1925இல் அலாஸ்காவின் நோம் நகருக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தைப் பனிவண்டிகளில் கொண்டு சேர்த்தவை நாய்களே. அவற்றுள் மிகக் கடினமான பகுதியைக் கடந்தது டோகோ என்னும் சைபீரியன் ஹஸ்கி.

பனிக்கட்டி மெலிந்திருந்தால் எசமானரின் ஆணையையும் மீறி நிற்பதே முன்னணி நாய்க்கு அழகு. ஆதலால் இவ்வினம் சொன்னவுடன் கேட்பதில்லை. அதை மந்தபுத்தி எனக் கருதலாகாது.

முதலில் பழக்க வேண்டியது, வாரை இழுக்காமல் நடப்பதையே. வார் இறுகியதும் நாம் நின்றுவிட வேண்டும். தளர்ந்த பின்னரே அடுத்த அடி. அடித்துப் பயனில்லை.

நம் சமவெளிக் கோடையில் விடியற்காலையில் மட்டுமே ஓட்டம். நண்பகலில் குளிரூட்டிய அறை. வெயிலுக்கு அஞ்சி இரட்டை ரோமத்தை மழிப்பது கேடு. காவலுக்கோ, திருடனையும் வாலாட்டி வரவேற்கும்!

குட்டி வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மின்கட்டணத்தையும் கணக்கிட்டு வருமாறு நாங்கள் கூறுவதுண்டு.