இன்று கப்பல் வரலாம்!

உங்கள் வீட்டில் உலக வரைபடம் இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள். தென் அமெரிக்காவின் கீழ் நுனியைக் கண்டுபிடித்து விட்டீர்களா? அதற்கும் கீழே கடலைத் தாண்டினால் அண்டார்டிகா. அந்தக் கண்டத்திலிருந்து வால் போல ஒரு பகுதி மேல் நோக்கி நீண்டிருக்கும். அந்த வாலுக்கு அப்பால், கடலில் ஒரு சின்னப் புள்ளி. அதன் பெயர் யானைத் தீவு. பெயர்தான் யானை. அங்கே இருப்பதெல்லாம் பாறையும் பனியும் சூறைக்காற்றும்தான்!

1916ம் ஆண்டு அந்தத் தீவில் 22 பேர் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 128 நாட்கள்! கப்பல் வருமா, வராதா என்றே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் அவர்கள் மனம் உடையாமல் இருந்தது எப்படி? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பனியில் சிக்கிய கப்பல்

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்பவர் அயர்லாந்தில் பிறந்தவர். அண்டார்டிகாவை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கடக்க வேண்டும் என்பது அவரது ஆசை. 1914ம் ஆண்டு டிசம்பர் 5ம் தேதி, தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து 'எண்டூரன்ஸ்' என்ற கப்பலில் புறப்பட்டார். கப்பலில் அவரையும் சேர்த்து 28 பேர்.

1915 ஜனவரியில் வெட்டல் கடலில் கப்பலைப் பனி சூழ்ந்து கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை. பின்னேயும் வர முடியவில்லை. மே மாதம் மறைந்த சூரியன் ஜூலைக் கடைசியில்தான் மறுபடி தலைகாட்டியது. நடுவில் எல்லாம் இருட்டு!

ஷாக்கிள்டன் என்ன செய்தார் தெரியுமா? யாரையும் சும்மா உட்கார விடவில்லை. நாய்களுக்குப் பயிற்சி, கப்பலைச் சுத்தம் செய்வது, வானிலையைக் குறித்து வைப்பது என்று ஒவ்வொருவருக்கும் வேலை இருந்தது. பனிமேல் கால்பந்து ஆடினார்கள். நாய் வண்டிப் பந்தயம் வைத்தார்கள். ஒரு நாள் எல்லாரும் மொட்டை அடித்துக் கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்!

ஒரு குவளை சூடான பால்

அக்டோபர் 27ம் தேதி, பனியின் அழுத்தம் தாங்காமல் கப்பல் நொறுங்கத் தொடங்கியது. எல்லாரும் இறங்கிப் பனிமேல் கூடாரம் போட்டார்கள். கண் முன்னால் வீடு இடிந்தது போன்ற நிலை. மறுநாள் காலையில் தலைவர் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக் கொண்டு பாலைச் சூடாக்கி, கூடாரம் கூடாரமாகப் போய்த் தாமே கொடுத்தார்!

சாப்பாடு பங்கிடுவதிலும் ஒரு வேடிக்கையான வழக்கம் இருந்தது. ஒருவர் பங்கைக் காட்டி, "இது யாருக்கு?" என்று கேட்பார். இன்னொருவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். பெரிய துண்டு யாருக்கு, சின்னத் துண்டு யாருக்கு என்ற சண்டைக்கே இடமில்லை!

சுமையைக் குறைக்க, சொந்தப் பொருள் ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் எடுத்து வரலாம் என்று உத்தரவு போட்டார் ஷாக்கிள்டன். தம்முடைய தங்கக் காசுகளையே பனியில் வீசிக் காட்டினார். ஆனால் ஐந்து கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒரு பொருளை மட்டும் விடக்கூடாது என்றார். அது என்ன? ஹஸ்ஸி என்ற வானிலை ஆய்வாளரின் பாஞ்சோ! கம்பிகளை மீட்டி வாசிக்கும் இசைக்கருவி அது. மனதுக்கு அதுதான் மருந்து என்பது தலைவரின் கருத்து.

படுக்கையைச் சுருட்டுங்கள்!

நவம்பர் 21ம் தேதி கப்பல் முழுவதுமாக மூழ்கியது. மாதக்கணக்கில் பனிமேல் தங்கிவிட்டு, பிறகு மூன்று படகுகளில் ஏறி, 1916 ஏப்ரல் 15ம் தேதி யானைத் தீவில் கரை சேர்ந்தார்கள். அந்த வழியாகக் கப்பல்கள் வருவதில்லை. அதனால் ஏப்ரல் 24ம் தேதி ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் ஒரு சிறு படகில் உதவி தேடிக் கிளம்பினார்கள். அவர்கள் போக வேண்டிய தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர்!

தீவில் இருந்த 22 பேருக்கும் பிராங்க் ஒயில்டு என்பவர் பொறுப்பு. மிச்சமிருந்த இரண்டு படகுகளையும் கவிழ்த்துப் போட்டு, கீழே கல் சுவர் எழுப்பினார்கள். அதுதான் வீடு. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. சீல், பென்குயின் இறைச்சிதான் உணவு. அடுப்பு எரிப்பதும் அவற்றின் கொழுப்பில்தான். புகையில் முகமெல்லாம் கரி!

பிளாக்பரோ என்ற இளைஞரின் கால் விரல்கள் குளிரில் கெட்டுப் போயின. கூட இருந்த இரண்டு மருத்துவர்கள் அந்த இருட்டுக் குடிசையிலேயே அறுவைச் சிகிச்சை செய்து விரல்களை அகற்றினார்கள். அவர் பிழைத்துக் கொண்டார்.

சண்டை சச்சரவே இல்லையா? இருந்தது. முணுமுணுப்பும் பயமும் கூட இருந்தன. ஆனாலும் நாள் தவறாமல் நடந்த ஒரு விஷயம் உண்டு. காலையில் ஒயில்டு எல்லாரையும் எழுப்பி, தலைவர் இன்று வந்தாலும் வரலாம், படுக்கையைச் சுருட்டித் தயாராக இருங்கள் என்பார். நேற்றும் அதையேதான் சொன்னார், கப்பல் வரவில்லை. இன்றும் சொல்வார். எல்லாரும் படுக்கையைச் சுருட்டுவார்கள். பிறகு அன்றைய வேலை. சனிக்கிழமை இரவானால் ஹஸ்ஸியின் பாஞ்சோ ஒலிக்கும். பாட்டுக் கச்சேரி களைகட்டும். ஒருவரிடம் மலிவான ஒரு சமையல் புத்தகம் இருந்தது. ராத்திரியில் அதை வாசிக்கக் கேட்டு, கிடைக்காத பண்டங்களைப் பற்றிப் பேசிப் பேசியே நாக்கில் எச்சில் ஊறினார்கள்!

ஷாக்கிள்டன் தெற்கு ஜார்ஜியாவை அடைந்து, பனி மலைகளைக் கடந்து உதவி பெற்றார். மூன்று முறை கப்பலோடு கிளம்பியும் பனி வழிவிடவில்லை. நான்காவது முறை, ஆகஸ்ட் 30ம் தேதி, சிலி நாட்டின் 'யெல்சோ' கப்பல் தீவை நெருங்கியது. கரையில் நின்ற தலைகளை ஷாக்கிள்டன் எண்ணினார். 22! ஒருவர் கூடக் குறையவில்லை.

நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2022ம் ஆண்டு மார்ச் 5ம் தேதி, சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் எண்டூரன்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பலின் பின்புறத்தில் அதன் பெயர் இன்னும் தெளிவாகத் தெரிகிறது!

நமக்கும் வரும் யானைத் தீவு

பாஞ்சோ வாசித்ததால் கப்பல் வந்ததா? இல்லை. ஆறு பேர் உயிரைப் பணயம் வைத்ததால் வந்தது. ஆனால் வந்த கப்பலில் ஏற 22 பேரும் இருந்தார்களே, அதற்குக் காரணம் சூடான உணவு, சரியான பங்கீடு, பாட்டு, சுருட்டிய படுக்கை ஆகிய இந்தச் சின்னச் சின்ன விஷயங்களும்தான்.

நம் வீட்டிலும் கஷ்டமான நாட்கள் வரும். தாத்தா ஆஸ்பத்திரியில் இருப்பார். அப்பாவுக்கு வேலை போயிருக்கும். வெள்ளத்தில் புத்தகங்கள் நனைந்து போயிருக்கும். அதையெல்லாம் உங்களால் சரி செய்ய முடியாது. செய்யாவிட்டால் அது உங்கள் தப்பும் இல்லை. ஆனால் காலையில் எழுந்து பாயைச் சுருட்ட முடியும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடியும். தம்பிக்குத் தலை வாரிவிட முடியும். அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு போய்க் கொடுக்க முடியும். மனதுக்குப் பிடித்த பாட்டை ராத்திரியில் பாட முடியும். கை ஒரு வேலையில் இருக்கும்போது மனமும் மெல்ல அடங்கும். செய்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படகில் ஏறி உதவி தேடப் போன ஆறு பேரும் கோழைகள் இல்லையே! அதேபோல, துக்கம் தாங்க முடியாவிட்டால் அம்மாவிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். உதவி கேட்பதும் தைரியம்தான்.

சரி குழந்தைகளே, இன்று காலை உங்கள் படுக்கையைச் சுருட்டி வைத்தது யார்? நீங்களா, அம்மாவா?