மருந்துச் சீட்டு வழக்கிலிருந்து காப்பாற்றாது

“நான் குடிக்கவே இல்லை சார், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைதான் போட்டிருக்கேன்.” வாகனச் சோதனையில் இதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், மருந்துச் சீட்டு வைத்திருப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் தனிச் சலுகை எதையும் தரவில்லை.

1988ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 185ஆவது பிரிவுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது மது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இரண்டாவது மருந்தும் போதைப்பொருளும். இதற்கு அளவுகோல் எதுவும் குறிப்பிடப்படவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு ஓட்டுநர் அதன் பிடியில் இருந்தாரா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

எந்த மாத்திரைகள்?

2019இல் வந்த திருத்தம், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் வரும் பொருட்களையும் இந்தப் பிரிவுக்குள் சேர்த்தது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்பிரஸோலம், குளோனாஸிபாம், டயஸிபாம், சோல்பிடெம், கடும் வலிக்குத் தரப்படும் டிரமடால் எல்லாம் அதில் அடக்கம். சளிக்குப் போடும் குளோர்பெனிரமின் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அதன் மயக்கத்தில் தாறுமாறாக ஓட்டினால், ஆபத்தாக ஓட்டியதற்கான 184ஆவது பிரிவு பாயலாம்.

இரவில் போட்டது காலையில் இறங்கியிருக்கும் என்றும் நம்ப முடியாது. டயஸிபாம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். மறுநாள் காலை வண்டி ஓட்டும் திறனை சோல்பிடெம் பாதிக்கிறது என்பதால், 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது.

தண்டனை என்ன?

185ஆவது பிரிவின்படி முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய். தண்டனை உறுதியானால் குறைந்தது 6 மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத்தை இழக்க வேண்டியிருக்கும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது அரை ஆண்டு வருமானம். விபத்தில் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. மருந்தின் பிடியில் ஓட்டியது தெரியவந்தால், சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

இந்தப் பிரிவில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2015 மார்ச் முதல் டயஸிபாம், மார்பின் போன்ற மருந்துகளுக்கு ரத்த அளவு வரம்பு இருக்கிறது. வரம்பைத் தாண்டினாலும், மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டு, ஓட்டும் திறனும் குறையாதிருந்தால் அதையே எதிர்வாதமாக வைக்கலாம். நோயாளிக்கும் காவலருக்கும் அங்கே எல்லை தெரியும். நமக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

சட்டம் இருக்கட்டும், மருந்தின் மயக்கம் பற்றிய எச்சரிக்கையே நம் கைக்கு வந்து சேர்வதில்லை. மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். பின்பக்கப் பொடி எழுத்தில் பாதி கடையிலேயே நின்றுவிடுகிறது. அதை வாய்விட்டுச் சொல்வது மருத்துவரின், மருந்தாளுநரின் கடமை.

அவர்கள் சொல்லும்வரை நாம்தான் கேட்க வேண்டும். புது மருந்து எழுதும்போதே, “இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாமா, எத்தனை மணி நேரம் கழித்து?” என்று கேளுங்கள். ஓட்டுவதே தொழில் என்றால் அதையும் சொல்லுங்கள். மயக்கம் தராத மாற்று மருந்து இருக்கலாம். வழக்குக்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தைத் தொடருங்கள், தலை கனக்கும் நாளில் பஸ்ஸில் போங்கள்.