கண்ணீரும் உமிழ்நீரும் வற்றுவது ஏன்?

அம்மாவுக்குக் கிரீம் கிராக்கர் பிஸ்கட் தொண்டையில் இறங்காமல் போனபோது, "நீ தண்ணியே குடிக்கிறதில்ல, உடம்பு சூடு" என்று முடிவு கட்டினார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இளநீர், வெந்தயம், நல்லெண்ணெய்க் குளியல் எல்லாம் ஆயிற்று. கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலுக்குச் சொட்டு மருந்தும் ஆயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, உதட்டின் உட்புறத்திலிருந்து சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த பிறகே பெயர் தெரிந்தது: ஷோக்ரன் நோய். சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் தம் ஆய்வேட்டில் இதை விவரித்தார். அதில் இடம்பெற்ற 19 நோயாளிகளும் பெண்களே.

"நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? உனக்கும் வந்திடுமா?" என்று அம்மா கேட்டார். உயிர் மருத்துவ மாணவியான எனக்கு விடை ஓரளவு தெரியும். ஆனால் ஆறாம் ஆண்டுக்குப் பின் தமிழில் அறிவியல் படிக்காததால், சொல்லத்தான் தடுமாறினேன். அன்று சொன்னதைச் சற்றுத் திருத்தி இங்கே எழுதுகிறேன்.

நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்களைச் சுற்றித் திரண்டு தாக்குகின்றன. காவற்காரர் வீட்டுக்காரரையே திருடனென்று பிடிப்பது போல. இதற்கு ஒரே காரணம் இல்லை. எது நம்முடையது, எது அந்நியம் என்று வெள்ளை அணுக்களுக்கு அடையாளம் காட்ட உதவுபவை எச்.எல்.ஏ. மரபணுக்கள். அவற்றின் சில வகைகள் இந்நோயாளிகளிடம் அதிகம் காணப்படுகின்றன. ஆனால் அதே வகைகளைப் பெற்ற பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஆகவே தூண்டுகோல் ஒன்றும் வேண்டும். உமிழ்நீர் வழியே பரவும் எப்ஸ்டைன்-பார் வைரஸ்மீது ஆய்வாளர்களுக்கு நெடுநாள் சந்தேகம். பெரியவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோரைத் தொற்றிவிட்ட வைரஸ் என்பதால், அதன்மேல் மட்டும் பழிபோட முடியாது. தொற்றால் சுரப்பி அணுக்கள் சிதையும்போது உள்ளே மறைந்திருக்கும் 'ரோ' என்ற புரதம் வெளிப்பட, உடல் அதைப் பகையென்று கருதி எதிர்ப்பொருள் உருவாக்குகிறது என்பது ஒரு விளக்கம்.

பெண்களுக்கு ஏன் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகம்? என்னை மிகவும் ஈர்த்தது இதுதான். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். அணு ஒவ்வொன்றிலும் ஒன்று உறங்க வேண்டும். ஆனால் அதிலுள்ள நோய் எதிர்ப்பு மரபணுக்கள் சில முழுதாக உறங்குவதில்லை. கூடுதல் எக்ஸுடன் பிறக்கும் ஆண்களுக்கும் மற்ற ஆண்களைவிட இந்நோய் அதிகம் வருவது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதையொட்டிப் பலருக்கு நோய் தெரியவருவதால், ஈஸ்ட்ரோஜன் குறைவும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

எனக்கு வருமா? நெருங்கிய உறவினருக்கு வாய்ப்புச் சற்று அதிகம்தான். எனினும் நோயுள்ள தாய்மாரின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை.

இதைச் சொன்னதும் அம்மா பிஸ்கட்டை மைலோவில் நனைத்தபடி, "அப்போ பெரியம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு, நான் தண்ணி குடிக்காததால வரலன்னு" என்றார்.