வரி நோட்டும் இரண்டு சதவீதமும்

காரைக்கால் கடற்கரையின் மீனவ ஊர்களில் ஒன்று கருக்களாச்சேரி. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, அக்கம்பேட்டை, மண்டபத்தூர் என இந்தக் கரையில் இருக்கும் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஊர்ப் பொதுக்காரியம் முழுவதும் ஒரு காலத்தில் ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் அடங்கியது. ஊர்ப் பஞ்சாயத்தார் வைத்திருந்த வரி நோட்டு அது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி. கோயில் திருவிழாவும் திருப்பணியும் அந்தப் பணத்தில்தான் நடந்தன. கடலுக்குப் போனவர் கரை திரும்பவில்லை என்றால், அந்த வீட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பணம்தான். மீன் ஏலம் விடும் உரிமையைக் குத்தகைக்குக் கொடுத்து, அந்த வருமானத்தையும் பொதுவில் சேர்த்துக்கொண்ட ஊர்கள் சோழமண்டலக் கரை நெடுகிலும் உண்டு.

இன்று இதே கரைக்கு வரும் உதவியைப் பின்தொடர வேண்டுமானால் வேறொரு கணக்கைப் புரட்ட வேண்டும். கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் பின்னிணைப்பாக வரும் நிறுவனச் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) அறிக்கை அது. 2022இல் படிவம் சுருக்கப்படும் வரை அதில் ஒரு நீண்ட அட்டவணை இருந்தது. திட்டத்தின் பெயர், உள்ளூர்ப் பகுதியா இல்லையா, மாநிலம், மாவட்டம், செலவிட்ட தொகை, கம்பெனி நேரடியாகச் செய்ததா அல்லது வேறு அமைப்பு மூலமாகவா, அந்த அமைப்பின் பதிவு எண் என்ன என்று கட்டம் கட்டமாகப் போனது. வரி நோட்டில் இருந்தவை ஆட்களின் பெயர்கள். இந்த அட்டவணையில் இருந்தவை திட்டங்களின் பெயர்கள். ஊர்ப் பெயருக்கென்று தனிக் கட்டம் இல்லை, மாவட்டத்தோடு நின்றுவிட்டது.

வசதி உள்ளவர் ஊருக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கணவன் அனுப்பிய மாம்பழத்தைப் பசித்து வந்த அடியாருக்குப் படைத்த புனிதவதியை, காரைக்கால் ஆண்டுதோறும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் நினைத்துக்கொள்கிறது. வணிகர்களிடம் மகமை என்ற ஏற்பாடு இருந்தது. விற்ற சரக்கில், நடந்த வியாபாரத்தில் இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்படி எழுந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி அதை நடத்தியதையும், அங்கே காமராஜர் படித்ததையும் தமிழ்நாடு அறியும். சட்டம் கேட்டு எடுத்து வைத்த பணம் அல்ல அது. கொடுக்காதவரைக் கடைத்தெருவில் நாலு பேர் கேட்பார்கள் என்பதே போதுமான கட்டாயமாக இருந்தது.

கம்பெனி என்ற உருவம் வந்தபோது, தர்மத்தைச் சட்டம் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1956ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, தொழிலோடு நேரடித் தொடர்பில்லாத அறக்காரியங்களுக்கு இயக்குநர்கள் தாமாகக் கொடுப்பதற்கு ஓர் எல்லை இருந்தது. 50,000 ரூபாய் அல்லது மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால் பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் சம்மதிக்க வேண்டும். பங்குதாரரின் பணத்தை இயக்குநர்கள் வாரிக் கொடுத்துவிடக் கூடாதே என்ற கவலை அதில் தெரிந்தது. 2013ஆம் ஆண்டின் சட்டத்தில் அத்தகைய எல்லை வேறொரு பிரிவில் இருந்தாலும், 135ஆம் பிரிவு மறுபக்கத்திலிருந்து பேசியது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட கம்பெனி, மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. அன்று மேல்வரம்பு பற்றிய கவலை, இன்று கீழ்வரம்பு. 2014-15இல் நாடு முழுவதும் கம்பெனிகள் இப்படிச் செலவிட்டது 10,000 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். 2022-23இல் அது 30,000 கோடியை நெருங்கியது.

இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே 2004 டிசம்பர் 26 இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை நேரத்தில் வந்த ஆழிப்பேரலையில் புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் ஏறத்தாழ 600 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் காரைக்கால் கரையைச் சேர்ந்தவர்கள். அதன் பிறகு வந்ததைப் போன்ற உதவியை இந்தக் கரை அதற்கு முன் கண்டதில்லை. அரசு ஊழியர்களும் கம்பெனி ஊழியர்களும் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் லாரிகள் வந்தன. உப்புக்காற்று வீசும் ஊருக்குக் கம்பளிச் சட்டைகள் வந்து, உடுத்த ஆளில்லாமல் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் குவிந்து கிடந்ததைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். எந்த ஊருக்கு யார் எதைக் கொடுக்கிறார்கள் என்பதை ஒழுங்குபடுத்தவே நாகப்பட்டினத்தில் 2005 ஜனவரியில், தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பும் ஸ்நேகா அமைப்பும் சேர்ந்து தனி மையம் ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. கட்டுமரம் போன இடத்துக்கு ஃபைபர் படகு வந்தது. சில ஊர்களில் முன்பிருந்ததைவிடப் படகுகளின் எண்ணிக்கை கூடியது. ஏறிப்போக ஆள் போதாத படகும், ஒரு பருவம் தாங்காத படகும் அந்தக் கணக்கில் அடக்கம்.

வந்ததை எப்படிப் பங்கிடுவது? மீனவ ஊர்கள் தமக்குத் தெரிந்த வழியில் பங்கிட்டன. வரி நோட்டை எடுத்தார்கள். தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. வெளியிலிருந்து வந்தவர்கள் இதைக் கண்டு வியந்தார்கள். அடிதடி இல்லை, முந்தியடித்தல் இல்லை. கடலோர வீட்டுக்கும் உள்ளே இருந்த வீட்டுக்கும் சமப் பங்கு. அந்த ஒழுங்கை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அதே நோட்டுதான் சிலரை வெளியே நிறுத்தியது. கணவனை இழந்தவளுக்கு வரி கிடையாது. முன்பு அது ஒரு சலுகை. பங்கு என்று வந்தபோது, வரி கட்டாதவள் பட்டியலில் இல்லை. தனித்து வாழும் பெண், அலைக்குப் பின் விதவையானவள், கடலுக்குப் போகாமல் கரையில் கூலி வேலை செய்த தலித் குடும்பம் என்று நோட்டில் பெயர் இல்லாதவர்கள், உதவி வந்து இறங்கிய நாட்களில் ஒதுங்கி நின்றதைப் பின்னால் வந்த ஆய்வுகள் பதிவு செய்தன. பஞ்சாயத்துக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்ததில்லை என்பதால், அதைக் கேட்கவும் ஆளில்லை.

புதிய கொடை இந்த இடத்தில்தான் பழையதை வென்றது. தொண்டு நிறுவனங்களும் அவற்றின் வழியே வந்த பணமும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணிடம் நேராகப் போயின. சுய உதவிக் குழு, அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, மகளுக்குப் படிப்புத் தொகை என்று எதற்கும் ஊர்த் தலைவரின் சம்மதம் தேவைப்படவில்லை. பள்ளிக்குக் கழிப்பறையும் குடிநீர் சுத்திகரிப்பு எந்திரமும் கணினி வகுப்பும் வரி நோட்டால் ஒருபோதும் கட்டுப்படியாகியிருக்காது. காரைக்கால் மாவட்டம் முழுவதும் சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2 லட்சம். இந்தச் சிறு நிலத்துக்குள் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் நிரவியில் இருக்கிறது. 2009 முதல் இயங்கும் துறைமுகம் வாஞ்சூரில் இருக்கிறது. 2023இல் அது அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 'தான் இயங்கும் பகுதி' என்று சட்டம் சொல்வது இங்கே நடந்தே போகக்கூடிய தூரம்.

அந்த நெருக்கத்தால் ஒரு சங்கடமும் உண்டு. துறைமுகத்து நிலக்கரித் தூசு பற்றி நாகூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது டெல்டாவே கொதித்தது. கொடுக்கும் கையும் குறை கேட்க வேண்டிய கையும் ஒன்றாக இருக்கும்போது, பள்ளிக்கூடப் பெஞ்சில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரை ஊர் வேறு மாதிரி வாசிக்கிறது. நன்றிக்கும் முறையீட்டுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிப்பது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

பணத்தோடு ஆட்களும் வருகிறார்கள். இதுவும் புதிது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள். பெட்ரோலிய நிறுவனங்களுக்கு ஜூலையின் முதல் பதினைந்து நாட்கள் தூய்மை இருவாரம். தொப்பி, கையுறை, ஒரே நிறச் சட்டையோடு ஊழியர்கள் கடற்கரைகளில் இறங்குவார்கள். பாக்கெட், பாட்டில், செருப்பு, தெர்மாகோல் துண்டுகள் எல்லாம் சீக்கிரம் மூட்டைக்குள் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது நைலான் வலைத்துண்டு. பாதி மணலுக்குள் புதைந்திருக்கும். இழுத்தால் வராது, கை அறுபடும். ஒரு பக்கம் மணலைத் தோண்டி, முடிச்சுக்கு மேலே கத்தி வைத்து அறுத்து, மடித்து மடித்து எடுக்க வேண்டும். கரையில் வலை சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவருக்கு அது ஒரு நிமிட வேலை. அவரைக் கூப்பிட்டுக் கேட்ட இடங்களில் வேலையும் நடந்தது, பேச்சும் நடந்தது. எந்தக் காற்றில் எந்தப் பக்கக் குப்பை ஒதுங்கும், கிழிந்த வலையைப் போட ஏன் ஊரில் இடமில்லை என்பதையெல்லாம் அவர் சொல்லுவார். கேட்காத இடங்களில் படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறினார்கள்.

பழைய காலத்தில் கைவேலைக்கும் கணக்கு இருந்தது. திருவிழாப் பந்தலுக்கும் முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் வெட்டுவதற்கும் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வராதவர் ஈடாகப் பணம் கட்டினார். உடலுழைப்பும் காசும் ஒரே நோட்டில் ஒன்றுக்கொன்று ஈடாக நின்றன. புதிய சட்டத்தில் அந்த ஈடு கிடையாது. ஊழியர்களைச் சமூகப் பணியில் ஈடுபடுத்துவது வரவேற்கத்தக்கது என்று கம்பெனி விவகார அமைச்சகம் சொன்னாலும், அவர்கள் இலவசமாகத் தரும் நேரத்தைப் பண மதிப்பாக்கி அந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது என்பதையும் தெளிவாக்கிவிட்டது. அந்த விதி சரிதான் என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஒரு சனிக்கிழமைக் கடற்கரை நடை லட்சங்களாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் கணக்கில் ஏறாத நேரத்தைக் கேட்டு வாங்கும் அக்கறை மேலாளர்களுக்குக் குறைவு. மார்ச் 31க்குள் முடிக்க வேண்டிய தொகைக்குத்தான் கூட்டங்கள் நடக்கின்றன.

இழந்தவற்றில் பெரியதாக நான் நினைப்பது, கேட்கும் உரிமை. திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் வரவு செலவு வாசிப்பார்கள். வரி கட்டியவன் எழுந்து, வாணவேடிக்கைக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். கேட்டார்கள், சண்டையும் போட்டார்கள். இன்றைய அறிக்கை அதைவிட நுணுக்கமானது, அதன் செலவுக் கணக்கு தணிக்கைக்கு உட்பட்டது, இணையத்தில் எவரும் படிக்கலாம். இயக்குநர் குழுவும் அமைச்சகமும் பங்குதாரர்களும் அதில் கேள்வி கேட்பார்கள். ஆனால் குடிநீர் எந்திரத்தின் வடிகட்டி அடைத்துக்கொண்டால் யாரைக் கேட்பது என்பது கருக்களாச்சேரிக்கு அதிலிருந்து தெரியாது. பெரிய கம்பெனிகளின் ஒரு கோடிக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தான் சுயேச்சையான தாக்க மதிப்பீடு கட்டாயம். ஒரு சிற்றூருக்கு வரும் எந்திரம் அந்த எல்லைக்கு வெகு கீழே.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. பழைய பட்டியலைப் போலவே புதிய பட்டியலுக்கும் வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். 2021 ஏப்ரல் முதல், கம்பெனிப் பணத்தில் பணி செய்ய விரும்பும் அமைப்பு அமைச்சகத்தில் பதிவு செய்து எண் பெற வேண்டும். வருமான வரித் துறையில் 12ஏ பதிவும் 80ஜி ஒப்புதலும் வேண்டும். கம்பெனி தானே தொடங்கிய அறக்கட்டளை அல்லாத வெளி அமைப்பானால் மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் வேண்டும். போலிகளை வடிகட்ட இது தேவைதான். அதே வடிகட்டியில், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஊர் இளைஞர் மன்றமும், வயதானவர்களுக்கு மதியச் சோறு போடும் நாலு பெண்களின் குழுவும் வெளியே போய்விடுகின்றன. அவர்களிடம் இருப்பது ஒரு ரசீதுப் புத்தகமும் ஊரின் நம்பிக்கையும். அன்று வரி கட்டாத விதவையைக் கைவிட்ட நோட்டுக்கும், 80ஜி இல்லாத மன்றத்தைத் தாண்டிப் போகும் அறிக்கைக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மாற்று பணத்தில் இல்லை, ஊழியர்களிடம் இருக்கிறது. நிரவியிலும் வாஞ்சூரிலும் அலுவலகத்துக்கு வந்துபோகும் கணக்காளர்களுக்கு, ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, மூன்று ஆண்டு வரவு செலவை ஒழுங்காக எழுதி, 12ஏ, 80ஜி விண்ணப்பம் போட்டுத் தருவது கைவந்த வேலை. சில மாலை நேரங்களைத் தொடர்ந்து ஒதுக்கினால் போதும். கடற்கரைக்கு வண்டி அனுப்பும் கம்பெனிகள், அந்த மாலைகளுக்கும் ஊழியர்களுக்கு அனுமதி தரட்டும். சட்டம் தொடர் திட்டங்களுக்கு, தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் தருகிறது. ஒரு மன்றம் அனுபவம் காட்ட வேண்டிய காலமும் மூன்று ஆண்டுகள்தான்.